பீடோங் முனியாண்டி கோயிலின் பட்டை போட்ட ஈ

கடந்த மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஈப்போவில் என் வீட்டுக் கூடத்தில், காலுறை எடுத்துச் செல்வதில்லை என்ற முடிவை நான் எடுத்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. இரு தரப்பு வாதங்களையும் கேட்டேன். காலுறைக்கு ஆதரவாகப் பழக்கமும் என் மனைவியும் நின்றனர். எதிராக மார்ச் மாத வெயிலும், பையில் இடமின்மையும், புதிதாக வாங்கிய செருப்பும் நின்றன. ஐந்தே முக்காலுக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டது. காலுறைகள் அலமாரிக்குத் திரும்பின. மனைவி மேல்முறையீடு செய்யவில்லை. "உங்க கால்தானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கப் போய்விட்டாள்.

பயணத்தின் நோக்கம் ஓர் ஈ. சொந்த ஊரில் ஈ கிடைக்காமல் நான் வடக்கே கெடா மாநிலத்துக்குப் போகவில்லை என்பதை ஈப்போ மாநகரத்தின் மதிப்பைக் கருதி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேடிப் போனது சாதாரண ஈ அல்ல. தேனீயைப் போலவோ குளவியைப் போலவோ தோற்றம் காட்டி ஏமாற்றும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் வீட்டில் படிக்க முடியாது. ஆகவே ‘தேனீ ஈ’ என்றே எழுதுகிறேன்.

இந்த ஈக்களின் பின்னால் அலைபவள் என் மனைவியின் தங்கை கோமதி. சுங்கைப் பட்டாணியில் ஓர் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை. மற்றவர்கள் விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய் ஸ்ட்ராபெரியோடு படம் எடுத்துக்கொள்வார்கள். கோமதி வெயிலில் குந்தியிருந்து தரையைப் பார்ப்பாள். எந்த மாநிலத்தில் எந்தத் தேனீ ஈ கிடைத்திருக்கிறது என்று ஒரு வரைபடம் வைத்திருக்கிறாள். அதில் ஒரு குறிப்பிட்ட இனத்துக்கு எங்கள் பேராக்கில் புள்ளி இருக்கிறது. தாய்லாந்தின் தென்கோடியில் புள்ளி இருக்கிறது. நடுவில் கெடா காலியாக இருக்கிறது. அந்த இனத்தின் லத்தீன் பெயரைக் கட்டுரை வெளிவரும்வரை நான் அச்சில் போடக் கூடாது என்று உத்தரவு.

"ஈக்கு மாநில எல்லை தெரியுமா?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"ஈக்குத் தெரியாது மாமா. பதிவு பண்றவங்களுக்குத் தெரியும்."

அவளுக்குத் தேவை இரண்டு ஈக்கள்: கெடா மண்ணில் பிடித்த ஓர் ஆண், ஒரு பெண். ஒன்று மட்டும் கிடைத்தால், பேராக்கிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வந்திருக்கும் என்று சொல்லிவிடுவார்களாம். முட்டையிடும் பெண்ணும் கிடைத்தால்தான் அது இங்கே குடியிருக்கிறது என்று ஆகும். சில ஆண்டுகளாக அவள் தேடிக்கொண்டிருப்பது இந்த இரண்டைத்தான். எனக்குப் படம் எடுக்கத் தெரியும், குடை பிடிக்கவும் தெரியும். இந்தத் தகுதிகளின் பேரில் அழைக்கப்பட்டேன்.

ஈப்போவிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம். எனக்கு நாற்பத்திரண்டு ரிங்கிட் ஆனது. வெள்ளிக்கிழமை போனதற்குக் காரணம், கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பேராக்கில் அப்படி இல்லாததால் நான் ஒருநாள் லீவு போட வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் ‘குடும்ப விஷயம்’ என்று எழுதினேன். ஈயும் ஒரு குடும்பம்தான்.

நிலையத்தில் கோமதி வலையோடும் வாடகைக் காரோடும் நின்றாள். காரோட்டி ராஜு அண்ணன். பீடோங்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்கண்ணாடியில் முனியாண்டியும் ஒரு காற்பந்துக் குழுவின் சின்னமும் சம உரிமையோடு தொங்கின. நாள் வாடகை நூற்றைம்பது ரிங்கிட், பெட்ரோல் உட்பட.

"மொதல்ல எங்கம்மா?"

"சிடாம் கிரி பக்கம் போலாம்ணே. எஸ்டேட் ஓரமா மணல் தரை வேணும்."

"என்னா தேடுறீங்க?"

"ஈ."

ராஜு அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்களும் ஈதானா?"

"ஆமாண்ணே."

"இதுக்கு ஈப்போவுலேர்ந்து ரயில் ஏறி வந்தீங்களா? பீடோங் பசார்ல மீன் கடைக்கு வாங்க லா. வேணுங்கிற அளவு ஃப்ரீயா அள்ளிட்டுப் போகலாம்."

சிடாம் கிரிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். வழியெங்கும் செம்பனை எனும் எண்ணெய்ப் பனை. செம்பனைத் தோட்டத்தின் ஒழுங்கு பார்க்கப் பார்க்க வியப்பைத் தருவது. ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒரே நிழல். தேனீ ஈக்கு இந்த ஒழுங்கில் ஆர்வமில்லை. அது வெயில் நேரடியாக விழும் வெற்று மணல் தரையில்தான் உட்காரும். நிழல் வந்தால் எழுந்து போய்விடும். அன்று பதினொரு மணிவரை நாங்கள் பார்த்த தரையெல்லாம் ஒன்று புல்லாக இருந்தது, இல்லை மருந்தடித்துக் கருகியிருந்தது.

ராஜு அண்ணன் காரில் உட்கார்ந்திருக்கக்கூடியவர் அல்ல. இறங்கி வந்து தேடலில் சேர்ந்துகொண்டார். அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் ஒரு தட்டானையும், ஒரு கருவண்டையும், வானத்தில் தோட்ட நிர்வாகம் பறக்கவிட்டிருந்த ட்ரோனையும் ‘அந்தா உங்க ஈ’ என்று காட்டினார். கோமதி ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லிவிட்டு இல்லை என்றாள். ட்ரோனுக்கும் நன்றி சொன்னாள்.

"அப்ப பெண்டாங் போலாம்மா. வயக்காடு. பூச்சி மேல பூச்சி."

"அங்க மண்ணு ஈரம்ணே. இதுக்குக் காஞ்ச மணல்தான் ஆகும்."

"மணல்னா எங்க கோயில்ல இருக்கு" என்றார் ராஜு அண்ணன், காரைக் கிளப்பிக்கொண்டே. "முனியாண்டி கோயில். எங்க பழைய எஸ்டேட்ல. நான்தான் தலைவரு."

மூன்று முறை தவறாகச் சொன்ன மனிதர். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கோமதி முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். "முற்றம் கூட்டுவீங்களாண்ணே?"

"லெட்சுமி தினம் கூட்டுது. ஒரு புல்லு இருக்காது."

"நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்குப் போலாம்" என்றாள்.

அன்றிரவு சுங்கைப் பட்டாணியில் தொண்ணூறு ரிங்கிட் விடுதி. குளிரூட்டிக்கு இரண்டு நிலைகள்தான்: அணைந்த நிலை, அலாஸ்கா. மற்றபடி குறை சொல்ல எதுவுமில்லை.

சனிக்கிழமை காலை பீடோங் சந்தைக்குப் பக்கத்தில் பசியாறினோம். இரண்டு தோசை, ஒரு தே தாரிக் தேநீர், ஆறு ரிங்கிட் ஐம்பது சென். சாம்பார் ஊற்றிய அக்கா, "இன்னும் ஒன்னு போடவா, தம்பி ஒல்லியா இருக்கீங்க" என்றார். என்னை அப்படிச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாவது தோசையையும் சாப்பிட்டேன். பீடோங்குக்குப் போகிறவர்கள் இந்தக் கடையைத் தவறவிடக் கூடாது. சந்தையின் பின்வாசலுக்கு எதிரே, நீலத் தகரக் கூரை.

கோயில் அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். கடைசி இரண்டு செம்மண் பாதை. தோட்டத்தில் இப்போது வேலை செய்வது பெரும்பாலும் வெளிநாட்டார். பழைய குடும்பங்கள் டவுன் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டன. சனிக்கிழமைகளில் கோயிலுக்கு மட்டும் மோட்டார் சைக்கிளில் திரும்பி வருகின்றன. வடமேற்கே ஜெராய் மலை மேகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றது. பெரிய அரசமரம், அதன்கீழ் அரிவாளோடு முனியாண்டி, எதிரே முற்றம். ஒரு பூப்பந்துத் திடல் அளவுக்கு வெறும் மணல். விளக்குமாற்றின் கோடுகள் சீப்பால் வாரியதுபோல் அலை அலையாகக் கிடந்தன. காலையில் முதலில் மிதிக்கக் கூச்சமாக இருக்கும்படியான சுத்தம்.

கோமதி அசையாமல் நின்றாள். மணலில் பென்சில் முனை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. மணல் குளவிகளின் வீடுகள். புல்லும் வேரும் இல்லாத தரையில்தான் அந்தக் குளவி தோண்டும். அந்தக் குளவி இருக்கும் இடத்தில்தான் நாங்கள் தேடும் ஈ வரும். லெட்சுமி அக்கா தினமும் விளக்குமாற்றால் ஒரு குளவிக் குடியிருப்பைப் பராமரித்துவந்திருக்கிறார். ஆனால் அவர் அதை அப்படிப் பார்க்கவில்லை.

"சனியன் புடிச்ச ஓட்டைங்க. நான் மூட மூட அதுங்க தோண்டுதுங்க" என்றார்.

செருப்பை வாசலில் கழற்றினோம். கோமதி தடித்த காலுறையோடு நடந்தாள். ஒன்பதே கால் மணி மணல் என்னை ஒன்றும் செய்யவில்லை. பத்து மணி மணல் தன் கருத்தைத் தெரிவிக்கத் தொடங்கியது. அரசமரத்து நிழலுக்கும் கேமராவுக்கும் இடையே நான் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்துப் போய்வந்தேன்.

"தம்பி, ஸ்டோக்கின் இல்லையா?" என்றார் ராஜு அண்ணன்.

"பரவாயில்லைண்ணே."

"என்னா பரவாயில்ல? சாமி கும்புட வந்தவரு கங்காரு மாதிரி குதிக்கிறீங்க. நமக்குத்தானே அசிங்கம்!" அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. ஓடிப்போய் ஒரு கோணிப்பையை நனைத்துக் கொண்டுவந்து விரித்தார். விருந்தாளியின் கால் சுடுவதைத் தன் வீட்டு அடுப்பு அணைந்துபோனதைப் போல் எடுத்துக்கொள்ளும் மனிதர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

பத்தேகாலுக்கு அது வந்தது.

வந்தது என்பதைவிட, அங்கே இருந்தது என்று சொல்வதே சரி. முதலில் இல்லை, பிறகு மணலுக்கு ஒரு சாண் மேலே காற்றில் ஆணி அடித்ததுபோல் நின்றது. கரிய உடல், பாதிவரை மைதோய்ந்த இறக்கைகள், வயிற்றில் குறுக்கே பளிச்சென்று வெள்ளைப் பட்டை. சத்தமில்லை. பிறகு தரையில் இறங்கி இறக்கைகளை விரித்து வைத்துக்கொண்டது. வெயிலில் அந்த இறக்கைகளில் ஊதாவும் பச்சையும் ஓடின. வாழ்நாளில் நான் அடித்துத் துரத்திய அத்தனை ஈக்களின் சார்பிலும் இது ஒரே ஆளாகப் பதில் சொல்ல வந்திருப்பதாகத் தோன்றியது.

ராஜு அண்ணன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பட்டை போட்டிருக்கு பாரு! நம்ம ஈ லா இது!"

கோமதி வலையை எடுத்தாள். அப்போதுதான் பூசாரி முருகையா, அதுவரை விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவர், கையைத் தூக்கினார்.

"புடிச்சி என்னாம்மா பண்ணுவே?"

கோமதி பொய் சொல்பவள் அல்ல. "கொல்லணும் சாமி. ஊசியில குத்தி வைக்கணும். அப்பதான் கெடாவுல இருக்குன்னு ஒத்துக்குவாங்க."

பூசாரி யோசித்தார். "இங்க சேவல்னா கேக்க வேணாம். ஆட்டுக் கெடான்னாலும் கேக்க வேணாம். ஈ... இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல. உத்தரவு கேட்டுருவோம்."

"வீட்டுல தினம் பத்து ஈ அடிக்கிறேன்" என்றார் லெட்சுமி அக்கா. "அதுக்கெல்லாம் பூக் கட்டிப் பாத்தா சோறாக்குறது எப்ப?"

"அது வீட்டு ஈ. இது கோயில் ஈ."

பூக் கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு வெற்றிலையில், சிவப்புப் பூ இன்னொரு வெற்றிலையில். இரண்டையும் ஒன்றுபோல் மடித்து முனியாண்டியின் காலடியில் போட வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். "எத்தனைன்னு சொல்லிக் கேக்கணும்" என்றார் பூசாரி. கோமதி ஒரு கணம் தயங்கி, "ஒன்னு" என்றாள். அவளுக்குத் தேவை இரண்டு. பிறகு நான் கேட்டபோது, முதல் தடவையே இரண்டு கேட்க வெட்கமாக இருந்தது என்றாள்.

லெட்சுமி அக்கா ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

வலை ஒரே வீச்சு. கண்ணாடிக் குழாயில் போட்டு உருப்பெருக்கியில் பார்த்தாள். ஆண். கெடாவின் முதல் ஆண். ராஜு அண்ணன் கைதட்டினார். பூசாரி குழாய்க்குத் திருநீறு பூச வந்தார். கோமதி மூடியின்மேல் மட்டும் பூச அனுமதித்தாள்.

பிறகு பதினொரு மணிக்குச் சற்று முன்னால் பெண் வந்தது. முதலில் வயிற்று நுனியை மணலில் அழுத்தி ஆட்டியது. அங்கே அதற்கு ஒரு சின்னப் பை உண்டு. அதில் மணலை நிரப்பி, உள்ளே வரும் முட்டைகளுக்கு மணல் பூசிக்கொள்கிறது. பிறகு எழும்பிக் குளவி ஓட்டை ஒன்றின் மேலே அந்தரத்தில் நின்று, வயிற்றைச் சுண்டி, முட்டையை ஓட்டைக்குள் எறிந்தது. இறங்கவில்லை, தொடவில்லை. எறிந்துகொண்டே போனது. தேங்காய் உடைப்பவர்களிடம்கூட இந்தக் குறி நான் பார்த்ததில்லை. முட்டையிலிருந்து வரும் புழு குளவியின் குழந்தையைத் தின்று வளரும். அழகுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒழுக்கத்தை எதிர்பார்க்கக் கூடாது.

கோமதியின் வலை கையிலேயே இருந்தது. ஈ அவள் முழங்காலிலிருந்து ஒரு முழத்தில் நின்றது. அவள் தேடிய இரண்டாவது ஈ.

"புடிம்மா, புடிம்மா!" என்றார் ராஜு அண்ணன்.

"ஒன்னுதானே கேட்டோம்ணே."

"திரும்பக் கேளு லா. பூசாரி இங்கதானே இருக்காரு!"

பூசாரி தலையாட்டினார். ஒரே நாளில் ஒரே காரியத்துக்கு இரண்டு முறை கேட்கிற வழக்கம் இந்தக் கோயிலில் இல்லை. கோமதி வலையைத் தரையில் வைத்தாள். ஈ கடைசி முட்டையை எறிந்துவிட்டு, வந்ததுபோலவே இல்லாமல் போனது. நான் எடுத்த படங்களில் ஒன்று தேறியது. அதில் இறக்கையின் நரம்புகள் போதுமான அளவு தெரியவில்லை, சாட்சிக்கு ஆகாது. அறிவியலில் இதை வாய்ப்பை நழுவவிடுவது என்பார்கள். கோமதியைச் சுற்றி நின்றிருந்த எங்கள் நால்வரில் ஒருவருக்கும் பிறகு அப்படித் தோன்றவில்லை. லெட்சுமி அக்கா போய் அவளுக்கு மட்டும் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் காப்பி கொண்டுவந்தார்.

"பள்ளி லீவுல வரேன். அப்ப இன்னொன்னு கேட்டுக்கறேன்" என்றாள் கோமதி. புறப்படும்போது ராஜு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இந்த மண்ணுதான் முக்கியம். இத மட்டும் பத்திரமா பாத்துக்குங்க."

"என் பொறுப்பும்மா" என்றார் ராஜு அண்ணன், நெஞ்சில் கைவைத்து. பிறகு என் பாதங்களைக் குனிந்து பார்த்துவிட்டு நாக்கால் ‘ச்சொ’ கொட்டினார்.

மாலை ரயிலில் ஈப்போ திரும்பினேன். உள்ளங்காலில் ஒரு கொப்புளம். மனைவி பார்த்தாள், அலமாரியிலிருந்து காலுறைகளை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தாள். அது மேல்முறையீட்டைவிடக் கடுமையாக இருந்தது.

ஒரு பூப்பந்துத் திடல் அளவு மணலில் ஒரு குளவி, அதை நம்பி ஓர் ஈ, அந்த ஈயை நம்பி ஒரு வரைபடத்தின் காலியிடம், எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அக்காவின் விளக்குமாறு. பெரிய மலைகளையும் நீர்வீழ்ச்சிகளையும் பார்த்துவிட்டு வந்து இவ்வளவு நேரம் நான் யோசித்ததில்லை. சொன்ன சொல்லைத் தெய்வத்திடமும் ஈயிடமும் ஒரே மாதிரி காப்பாற்றுகிறவர்கள் கெடாவில் இருக்கிறார்கள் என்பதும் என்னைப் பொறுத்தவரை ஒரு புதிய பதிவுதான்.

மே மாதம் ராஜு அண்ணனிடமிருந்து கோமதிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அவள் அதை எனக்கு அனுப்பியிருந்தாள். "கோமதிம்மா, மண்ணப் பத்திரமா பாத்துக்கச் சொன்னியே, செஞ்சாச்சு. முற்றம் முழுக்க சிமெண்ட் போட்டாச்சு. இனி எவ்வளவு மழ வந்தாலும் ஒரு புடி மண்ணு அரிக்காது. மாமா கால் பட்ட பாட்டப் பாத்து மேல கூரையும் போட்டுட்டோம். கமிட்டியில எல்லாரும் கையிலேர்ந்து போட்டாங்க. வாசல்ல பெரிய பேனரு, நீ அனுப்புன ஈ படத்தோட. லீவுக்கு வா, மால போடணும்." கோமதி பதிலுக்கு, ‘ரொம்ப நன்றி அண்ணே’ என்று எழுதினாள்.

பள்ளி விடுமுறையில் போனாள். மாலை போட்டார்கள். பூக் கட்டிப் பார்த்ததில் மறுபடியும் வெள்ளை வந்தது. ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை வலையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பட்டியலில் கெடாவுக்கு நேராக இன்னும் ‘ஆண், ஒன்று’ என்றே இருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வறண்ட மாதங்களில், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் போவது நல்லது. சுங்கைப் பட்டாணி நிலையத்தில் வாடகைக் கார் எளிதாகக் கிடைக்கும். விலையை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். தோட்டப் பாதைகளில் நுழைய அங்கிருக்கும் காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோயிலில் எதைப் பிடிப்பதானாலும் பூசாரியிடம் கேட்டுவிட்டுப் பிடியுங்கள், எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள். செம்மண் பாதை முடியும் இடத்தில் பேனர் இருப்பதால் வழி தவறாது. முற்றத்தில் ஏழு கார்கள் நிறுத்தலாம். செருப்பை வாசலில் விட வேண்டும். காலுறை தேவையில்லை.